ஊர்ப் பேச்சும் தாளமும்: ஆப்பிரிக்க ஹிப்-ஹாப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க ராப் பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். வீட்டில் ஓடினாலும் வண்டியில் ஓடினாலும் கூட இருப்பவர்கள் ஏதாவது கேட்காமல் இருந்ததில்லை. "இது என்ன மொழி?" என்று தொடங்கும். "ஒரு வார்த்தைகூடப் புரியாமல் எப்படி ரசிக்க முடியும்?" என்பதில் போய் நிற்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆப்பிரிக்க ஹிப்-ஹாப் என்று ஒரே இசை இருக்கிறதா?

இல்லை. 54 நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள். செனகலின் தலைநகரான டக்காரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போவதைவிட நியூயார்க்குக்குப் போவது கிட்டம். வரைபடத்தில் அளந்து பாருங்கள். டக்காரில் வொலோஃப் மொழியிலும் கேப் டவுனில் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் ராப் செய்கிறவர்களை ஒரே பெட்டிக்குள் போட்டால் இருவரையுமே கேட்காமல் விட்டதாகத்தான் ஆகும்.

ஆனாலும் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி நடந்த விஷயம் ஒன்று உண்டு. முதலில் அமெரிக்க உச்சரிப்பில் பாடிப் பழகிய பையன்கள், ஒரு கட்டத்தில் தங்கள் தெருவில் பேசுகிற பேச்சுக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய சொல்திறமை முழுதாக வெளியே வந்ததும் அப்போதுதான். நான் தேடித் தேடிக் கேட்பது அந்தத் திருப்பத்தைத்தான். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான் இருக்கும்.

ஆஃப்ரோபீட்ஸ் என்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆஃப்ரோபீட்ஸ் நைஜீரியாவின் லாகோஸ், கானாவின் அக்ரா நகரங்களிலிருந்து உலகமெங்கும் பரவிய நடனப் பாட்டு. அதில் மெட்டுதான் முதலில். ராப்பில் பேச்சு முதலில். இரண்டையும் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் குழப்பம் வருவது இயல்பு. நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டி 1970களில் வாசித்த ஆஃப்ரோபீட் (கடைசியில் 'ஸ்' இல்லாதது) இந்த இரண்டிலும் சேராது.

ராப் அமெரிக்காவில் பிறந்த கலைதானே? ஆப்பிரிக்கர்கள் அதை எப்படித் தங்களுடையது என்கிறார்கள்?

பிறந்தது 1970களின் நியூயார்க்கில், பிராங்ஸ் பகுதியில். அதை யாரும் மறுப்பதில்லை. கேசட்டாகவும் வீடியோ டேப்பாகவும் அது ஆப்பிரிக்க நகரங்களுக்கு வந்து சேர்ந்தது 1980களில்.

ஆனால் செனகல்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். வொலோஃப் மக்களிடம் தாஸு என்று ஒரு கலை உண்டு. கல்யாணம், பெயர் சூட்டு விழா போன்ற வீட்டு விசேஷங்களில் பெண்கள், முக்கியமாகப் பரம்பரைப் பாணர் குடும்பத்துப் பெண்கள், மேளத்தோடு சேர்ந்து சொற்களை வேகமாக அடுக்கிச் சொல்வார்கள். வாழ்த்தும் இருக்கும், கிண்டலும் இருக்கும், வீட்டுக்காரரின் வம்சப் பெருமையும் இருக்கும். பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. டக்காரின் தாரா ஜே குழு 2003இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு 'பூமராங்' என்று பெயர் வைத்தது இதனால்தான். ராப் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, அடிமைக் கப்பல்களோடு கடல் தாண்டி, அமெரிக்காவில் வளர்ந்து, எறிந்தவர் கைக்கே திரும்பிவிட்டது என்பது அவர்கள் வாதம்.

வரலாற்று ஆதாரத்தோடு தாஸுவிலிருந்து பிராங்ஸ் வரை ஒரு நேர்க்கோடு போட முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வாதத்துக்குள் ஓர் உண்மை இருக்கிறது. மேளத்துக்கு நடுவே சொல்லை வைத்து விளையாடுவதைக் குழந்தையிலிருந்தே கேட்டு வளர்ந்த காது டக்கார் பையன்களுக்கு இருந்தது. அமெரிக்க கேசட்டைக் கேட்டபோது அவர்களுக்கு அது அந்நியமாகவே படவில்லை. 1989இல் டக்காரில் தொடங்கிய பாசிட்டிவ் பிளாக் சோல் குழுவின் திதியே அவாதியும் டக்கி டீயும் வொலோஃப், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்தார்கள். 'பூல் ஃபாலே' என்று அவர்களுடைய 1994 கேசட்டின் பெயர். 'கண்டுக்காதே' என்று அர்த்தம். அது ஒரு தலைமுறைக்கே பெயராக ஒட்டிக்கொண்டது.

உள்ளூர் மொழிக்கு எப்போது மாறினார்கள்?

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு நேரம்.

தான்சானியா முந்திக்கொண்டது. அங்கே சுதந்திரத்துக்குப் பிறகு ஸ்வாஹிலியைப் பள்ளியிலும் அரசிலும் பொதுமொழியாக வளர்த்திருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் 1990களின் தொடக்கத்திலேயே சாலே ஜாப்ரி அமெரிக்கப் பாடல்களின் தாளத்தில் ஸ்வாஹிலி வரிகளைப் போட்டுப் பாடினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'போங்கோ ஃப்ளாவா'. 'உபோங்கோ' என்றால் மூளை. மூளை இருந்தால்தான் பிழைக்க முடியும் என்பதால் தாருஸ் ஸலாம் நகரத்துக்கே போங்கோ என்று செல்லப்பெயர்.

கானாவில் ரெஜி ராக்ஸ்டோன் லண்டனில் ஆங்கிலத்தில் ராப் செய்துகொண்டிருந்தவர். 1990களின் நடுவில் அக்ராவுக்குத் திரும்பி ட்வி மொழிக்கு மாறினார். கானாவின் பழைய ஹைலைஃப் இசையோடு அது கலந்ததும் 'ஹிப்லைஃப்' என்று பெயர் வந்தது. 1999இல் ஒப்ராஃபோர் வந்தார். ட்வி பேசும் அகான் மக்களின் பழமொழிகளை வரிக்கு வரி வைத்து, கேட்கிற பெரியவர்களையும் தலையாட்ட வைத்தார். பொடியன்கள் பாட்டு என்று ஒதுக்கியவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்தப் பழமொழிகள்தான். அகான் அரசவையில் ஒச்சியாமெ என்று ஒருவர் இருப்பார். அரசர் சொல்வதை வாங்கி, பழமொழியும் அழகும் சேர்த்து சபைக்குச் சொல்வது அவர் வேலை. கானாவில் ஒரு ராப் குழு அந்தப் பதவியின் பன்மையையே 'அச்சியாமெ' என்று தன் பெயராக வைத்துக்கொண்டது. தங்கள் வேலை என்னவென்று அவர்கள் நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

நைஜீரியாவில் நீண்ட காலம் ஆங்கிலமும் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலமும்தான் மேலே இருந்தன. யொரூபா மொழியில் ராப் செய்தவர்கள் முன்பே இருந்தாலும், 2009இல் டாக்ரின் வெளியிட்ட ஆல்பம்தான் அந்த நிலையைப் பலமாக அசைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கார் விபத்தில் அவர் இறந்துபோனார். அவர் திறந்த வழியில்தான் ஒலமிடே போன்றவர்கள் பெரிய நட்சத்திரங்களானார்கள். இன்னும் பத்து ஆண்டுகள் அவர் இருந்திருந்தால் யொரூபா ராப் எங்கே போயிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

மொழி தெரியாமல் ஒரு ராப்பர் திறமைசாலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பொருள் முழுதாகப் புரியாமல் பாதித் திறமைதான் தெரியும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மீதிப் பாதி காதுக்கே எட்டும். அதற்கு அந்த மொழி எப்படி ஒலிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

ஸ்வாஹிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொற்கள் ஏறக்குறைய அனைத்தும் உயிரொலியில் முடியும். கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். 'பெரிய புத்தகம் விழுந்துவிட்டது' என்பதற்கு 'கிதாபு கிகூப்வா கிமெயாங்குகா' என்பார்கள். பெயர், அடைமொழி, வினை மூன்றும் 'கி' என்று தொடங்குவதைக் கவனியுங்கள். பெயர்ச்சொல்லின் முன்னொட்டு வாக்கியம் முழுக்கத் தொடர்ந்து வருவது அந்த மொழியின் இலக்கணம். நாம் யோசித்து யோசித்து வைக்கிற மோனையை அவர்களுக்கு இலக்கணமே இனாமாகக் கொடுக்கிறது! வரிக்கடைசியில் வரும் இயைபும் அப்படியே. அதனால் ஸ்வாஹிலியில் கடைசி எழுத்தை ஒன்றவைப்பது பெரிய விஷயமே இல்லை. பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்துவிடுவார்கள். நல்ல ராப்பர் வரியின் நடுவே உள்ளொலிகளைக் கோத்துக்கொண்டு போவார். அல்லது எதிர்பார்த்த இடத்தில் முடிக்காமல் அடுத்த வரிக்குள் தாவுவார். அந்தத் தாவலை மொழி தெரியாதவரும் கேட்க முடியும்.

யொரூபாவில் சிக்கல் வேறு. அங்கே குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். 'ஒக்கோ' என்பதை ஒரு மாதிரி சொன்னால் கணவன், இன்னொரு மாதிரி சொன்னால் மண்வெட்டி, வேறு மாதிரி சொன்னால் வண்டி, இன்னும் வேறு மாதிரி ஈட்டி. பேசும் மேளம் என்று பேர்பெற்ற அவர்களுடைய மேளம் வாக்கியத்தையே வாசிப்பது இதனால்தான். சுருதி ஏற்ற இறக்கம் போதும், ஆளுக்குப் புரிந்துவிடும். ஆனால் ராப்பருக்கு இது ஒரு கட்டு. ஆங்கிலத்தில் பாடுகிறவர் குரலை இஷ்டப்படி ஏற்றலாம், இறக்கலாம். யொரூபாவில் அப்படிச் செய்தால் கணவன் ஈட்டியாகிவிடுவான். சொல்லின் சுருதியையும் காப்பாற்றி, பீட்டையும் விடாமல், வேகமாகவும் போகிறவர் கம்பி மேல் நடக்கிறவர் மாதிரி. வேண்டுமென்றே சுருதியைச் சாய்த்து ஒரே சொல்லில் இரண்டு பொருள் தொனிக்க வைப்பது அதற்கும் மேல் உள்ள வித்தை. உள்ளூர்க்காரர்கள் கத்தி ஆரவாரம் செய்வது அந்த இடங்களில்தான்.

தென்னாப்பிரிக்காவின் ஹோசா, ஜூலு மொழிகளில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் எழுத்தாகவே இருக்கின்றன. கேப் டவுனின் குகுலேத்து பகுதியிலிருந்து வந்த ட்ரைமான்ஸ்காப் குழுவைக் கேட்டால் அந்தச் சொடுக்குகள் பீட்டோடு சேர்ந்து இன்னொரு தாளக்கருவி மாதிரி விழும். ஹோசாவில் பாடும் இந்த வகைக்கு 'ஸ்பாசா' என்று பெயர். நகர்ப்புறக் குடியிருப்புகளில் வீட்டு வாசலிலேயே நடக்கும் பெட்டிக்கடைக்கும் அதே பெயர்தான்.

சரி, வேகமாகப் பாடுவதே திறமையா? இல்லை. கானாவின் தேமா நகரத்து சார்கோடி ட்வி மொழியில் படபடவென்று பாடிப் பேர் எடுத்தவர். 2019இல் அமெரிக்காவின் பெட் (BET) தொலைக்காட்சி கொடுக்கும் ஹிப்-ஹாப் விருதுகளில் சர்வதேச ராப்பருக்கான பரிசு முதல் முறையாகக் கொடுக்கப்பட்டபோது அவருக்குத்தான் கிடைத்தது. அவரிடம் எனக்குப் பிடித்தது வேகத்தை விடும் இடங்கள். ஓடிவந்து சட்டென்று நின்று, பேசுவது மாதிரி ஒரு வரியைச் சொல்வார். அந்த வரிதான் மனதில் நிற்கும்.

ராப் முழுக்க 'நான்தான் பெரியவன்' என்ற தற்பெருமையாக இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தெற்கு ஆப்பிரிக்காவில் இம்போங்கி என்னும் புகழ்ப் புலவர் மரபு பழையது. அரசருடைய வம்சம், போர்கள், ஊர்கள், ஆறுகள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் அடுக்குவார். அரசர் தவறு செய்தால் அதே வரிசையில் அதையும் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. 1994இல் நெல்சன் மண்டேலா அதிபராகப் பதவியேற்றபோது ஸொலானி ம்கீவா என்ற புலவர் மரபுப்படி புகழ்பாடினார். அந்தப் பதவியேற்புக் கொண்டாட்டத்தில் கேப் டவுனின் ராப் குழுவான பிராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டியும் பாடியது. பழைய புலவரும் புதிய புலவர்களும் ஒரே விழாவில் நின்றிருக்கிறார்கள். 'நான்' என்று ராப்பர் சொல்லும்போது பல நேரங்களில் அதற்குள் அவருடைய தெருவும் குலமும் அடக்கம்.

வெறும் பணத்தையும் காரையும் மட்டும் அடுக்குகிற பாடல்களும் ஏராளம். அவை எனக்கு அலுத்துப்போகும்.

மொட்ஸ்வாகோ என்று ஒரு பெயர் அடிக்கடி வருகிறது. அது என்ன?

செட்ஸ்வானா மொழியில் 'கலவை' என்று பொருள். செட்ஸ்வானாவும் ஆங்கிலமும் வரிக்குள்ளேயே கலந்து வரும் ராப். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் உள்ள மாஃபிகெங்தான் அதன் கோட்டை. எல்லைக்கு அந்தப் பக்கம் பொட்ஸ்வானா. அவர்களும் இதில் உரிமை கொண்டாடுகிறார்கள், அதற்கு நியாயமும் இருக்கிறது.

மாஃபிகெங் ஒரு சிறிய ஊர். இனவெறி ஆட்சி கறுப்பின மக்களை மொழிவாரியாகப் பிரித்து ஒதுக்கிய 'தாயகங்களில்' ஒன்றான போஃபுதட்ஸ்வானாவின் தலைநகரப் பகுதி அது. அந்த முத்திரை ஊருக்கு ஒரு காயமாகவே இருந்தது. 1994க்குப் பிறகு இசை, தொலைக்காட்சி, பணம் எல்லாம் ஜோஹானஸ்பர்க்கில். செட்ஸ்வானா பேசுகிறவன் என்றால் கொஞ்சம் பட்டிக்காடு என்ற பார்வை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து எச்.எச்.பி. வந்தார். முழுப்பெயர் ஹிப் ஹாப் பாண்ட்சுலா, இயற்பெயர் ஜபுலானி ட்சாம்போ. அவர் பேச்சு மாதிரியே பாடுவார், அவசரமே இருக்காது. ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லும் தோரணை. செட்ஸ்வானாவில் தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வரும் ஒலி ஒன்று உண்டு. நகரத்துக்காரர்கள் கேலி செய்த அந்த ஒலியை அவர் மறைக்கவில்லை, அதன் மேலேயே தாளத்தை வைத்தார்.

அவருக்குப் பின்னால் டக்ஸ், குலி சானா, காஸ்பர் நியோவெஸ்ட் என்று வரிசையாக வந்தார்கள். ஊருக்கு 'மாஃப்டவுன்' என்று பெயர் வைத்து ஒவ்வொரு பாட்டிலும் சொன்னார்கள். 2015 அக்டோபரில் காஸ்பர் ஜோஹானஸ்பர்க்கின் டோம் அரங்கில் தனியாக நிகழ்ச்சி நடத்தப்போவதாக அறிவித்தபோது முடியாது என்றவர்கள் பலர். அப்போது 20,000 பேர் கொள்ளும் இடமாக இருந்தது அது. நிரப்பிக் காட்டினார். கேலி செய்த நகரத்தின் நடுவிலேயே அந்தச் சின்ன ஊரின் மொழி அப்படி ஒலித்தது. 2018 அக்டோபரில் எச்.எச்.பி. மறைந்தார். மன அழுத்தத்தோடு தான் போராடுவதை வெளிப்படையாகப் பேசியவர் அவர். அந்த நாட்டில் யாராவது தாய்மொழியில் கூச்சமில்லாமல் ராப் செய்யும்போது அவர் நினைவு வராமல் இருப்பதில்லை.

ஆஃப்ரிகான்ஸ் ஆதிக்கக்காரர்களின் மொழி ஆயிற்றே, அதில் எப்படிப் பெருமை?

நல்ல கேள்வி. 1976இல் சொவேட்டோ மாணவர்கள் உயிரைக் கொடுத்தது அந்த மொழியைப் பள்ளியில் திணித்ததை எதிர்த்துத்தான். ஆனால் கேப் டவுனின் கேப் ஃப்ளாட்ஸ் பகுதியில், ஆட்சியாளர்களால் நகரத்திலிருந்து துரத்திக் குடியமர்த்தப்பட்ட மக்களுக்கு வீட்டுமொழியே அதுதான். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் மண்ணின் கொய்கொய் மக்களும் சமையலறையிலும் வயலிலும் பேசிப் பேசி அந்த மொழியை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளையர்கள் அதைத் தங்கள் சொத்தாக மாற்றியது பிறகு நடந்தது.

பிராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி 1990இல் தங்கள் முதல் ஆல்பத்தில் அந்தத் தெரு ஆஃப்ரிகான்ஸில் ராப் செய்தபோது அந்த மொழியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். 2010இல் 'ஆஃப்ரிகாப்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சி இந்த வரலாற்றையே ராப்பாகச் சொன்னது. இன்று யங்ஸ்டா சி.பி.டி. அதே பேச்சில், அதே தெருக்களைப் பற்றிப் பாடுகிறார். பெயரின் கடைசி மூன்று எழுத்தும் கேப் டவுனின் சுருக்கம்.

ஒரே ஒரு சொல் அரசியலை மாற்றியது என்கிறார்களே, அது எந்தப் பாட்டு?

கென்யாவின் கிடிகிடி மஜிமஜி என்ற ராப் குழு 2002இல் பாடியது. பாட்டின் பெயர் 'அன்புவோகபிள்'. லுவோ மொழியில் 'புவோகோ' என்றால் பயமுறுத்துவது. அதற்கு முன்னும் பின்னும் ஆங்கில ஒட்டுகளைப் போட்டு 'எங்களை மிரட்ட முடியாது' என்று ஒரு புதுச்சொல் செய்தார்கள். அகராதியில் இல்லாத அந்தச் சொல் நாடு முழுக்கப் பரவியது. அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி அதைத் தன் முழக்கமாக்கிக்கொண்டது. 1963இல் சுதந்திரம் கிடைத்ததிலிருந்து ஆண்டுவந்த கட்சி தோற்றது. தோல்விக்குக் காரணம் பாட்டு என்று சொன்னால் அது மிகை. ஆனால் மக்கள் வாயில் இருந்த சொல் அது.

நைரோபியில் லுவோ, கிகூயு, ஆங்கிலம் எல்லாவற்றையும் ஸ்வாஹிலி மேல் கொட்டிக் கலக்கிய 'ஷெங்' என்று ஒரு தெருமொழி இருக்கிறது. பெரிய குப்பைக்கிடங்கை ஒட்டிய டண்டோரா பகுதியிலிருந்து 1990களில் வந்த கலமஷாகா குழு அதைத்தான் பாட்டாக்கியது. ஷெங் பேட்டைக்குப் பேட்டை மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒருவர் எந்தப் பக்கத்து ஆள் என்று அவர் வாயிலிருந்து வரும் நாலு சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

இப்படி ஊரும் இனமும் பேசினால் சண்டையில் முடியாதா?

முடியலாம். கென்யாவிலேயே 2007 தேர்தலுக்குப் பின் நடந்த இனக்கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெருமை என்ற சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ராப்பில் நான் பார்க்கிற பெருமை பெரும்பாலும் பேட்டையின் பெருமை. ஷெங் எந்த ஒரு இனத்துக்கும் சொந்தமில்லை. அதில் பாடும்போது 'நான் டண்டோராக்காரன்' என்று சொல்ல முடியுமே தவிர இன்ன இனத்தவன் என்று சொல்ல வேண்டியதில்லை. நைஜீரியாவில் இக்போ மொழியில் பாடும் ஃபினோவும் யொரூபாவில் பாடும் ஒலமிடேயும் 2015இல் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள். உள்நாட்டுப் போர் கண்ட நாடு அது. இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் ஒரே பாட்டில் நிற்பதைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

குமெரிக்கா என்பது வெறும் காப்பி இல்லையா?

2020இல் கானாவின் குமாசி நகரத்துப் பையன்கள் செய்த டிரில் இசையைத்தான் கேட்கிறார்கள். சிகாகோவில் தொடங்கி லண்டனில் மாறி அங்கிருந்து வந்த பீட், உடை, தோரணை. குமாசிக்கு அவர்கள் வைத்த பெயர்தான் குமெரிக்கா. மேலோட்டமாகப் பார்த்தால் காப்பிதான்.

கேட்டால் வேறு. மொழி ட்வி. பாணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'அசாகா'. ட்வியில் 'கசா' என்றால் பேசு. அதைத் திருப்பிப் போட்டுச் 'சகா' ஆக்கி அதிலிருந்து செய்த சொல். குமாசி அசாந்தி அரசின் தலைநகரம், பழம்பெருமை உள்ள ஊர். ஆனால் கானாவின் இசைத்தொழில் அக்ராவிலும் தேமாவிலும். அங்கே போய் நிற்காமல் சொந்த ஊரிலேயே படம் பிடித்து, சொந்த நண்பர் கூட்டத்தை வைத்தே அவர்கள் வெளியே வந்தார்கள். யா டோக் என்ற பள்ளி மாணவரின் பாட்டு அந்த ஆண்டு பரவியது. அடுத்த ஆண்டு அதன் மறுவடிவத்தில் லண்டன் ராப்பர் ஸ்டார்ம்ஸி வந்து சேர்ந்து பாடினார். காப்பியடித்தவர்கள் வீட்டுக்கு அசல்காரர்கள் வந்தார்கள் என்று நான் இதைச் சொல்வேன்.

அரசாங்கங்கள் இவர்களைக் கண்டு பயப்படுமா?

சில இடங்களில் பயந்தே இருக்கின்றன. துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து எல் ஜெனரல் 2010 இறுதியில் அதிபரையே விளித்து ஒரு பாட்டு வெளியிட்டார்; 2011 ஜனவரி தொடக்கத்தில் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது; அந்த மாதமே அதிபர் நாட்டைவிட்டு ஓடினார். அங்கோலாவில் 2003இல், எம்.சி.கே. என்ற ராப்பரின் பாட்டைப் பாடிய குற்றத்துக்காகக் கார் கழுவும் ஓர் இளைஞரை அதிபரின் காவல்படையினர் கொன்றார்கள். இதைப் படித்த நாளில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

செனகலில் நடந்தது வேறு மாதிரி. மின்வெட்டு தாங்க முடியாமல் 2011 ஜனவரியில் காவொலாக் நகரத்து கூர் குய் ராப் குழுவும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து 'போதும், வெறுத்துவிட்டது' என்ற பொருளில் 'யானாமார்' என்ற இயக்கம் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஜூன் 23ஆம் தேதி மக்கள் தெருவில் இறங்கியதும், அதிபர் அப்துலாயே வாத் தனக்குச் சாதகமாகக் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். ராப்பர்கள் இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வைத்தார்கள். 2012இல் வாத் தோற்றார்.

பெண்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், மேடை கிடைப்பதுதான் கஷ்டம். செனகலின் சிஸ்டர் ஃபா பெண்ணுறுப்பு சிதைப்புக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். கென்யாவின் நாஸிஸி, கேப் டவுனின் கொடெஸ்ஸா மூவர் ஆகியோர் முன்னோடிகள்.

நான் அதிகம் கேட்பது ஷோ மஜோஸி. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். அவர் மொழி ட்சோங்கா. ஜோஹானஸ்பர்க்கில் ட்சோங்கா மக்களைக் கேலி செய்வது நெடுநாள் வழக்கம். அடர்ந்த நிறத்தையும், பளிச்சென்ற உடைகளையும், பேச்சையும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரோ சிபெலானி என்ற அந்த இனத்துப் பெண்களின் கொசுவம் வைத்த பாவாடையையே கட்டிக்கொண்டு மேடை ஏறினார், இடுப்பை அசைத்து ஆடினார், ட்சோங்காவில் பாடினார். சில காலம் தான்சானியாவில் இருந்ததால் நடுவே ஸ்வாஹிலியும் வரும். 2018இல் வந்த ஆல்பத்தின் பெயரிலேயே லிம்போபோ இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் பெட் விருது வாங்கினார். அவரைப் பார்த்து ட்சோங்காப் பாவாடை கட்டிக்கொள்ளும் சின்னப் பெண்கள் அந்த இனத்தில் மட்டும் இல்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

செனகலின் 'ஜூர்னால் ராப்பே'. 2013இல் ஜுமானும் கெய்ட்டியும் தொடங்கிய ராப் செய்தி அறிக்கை இது. செய்தி வாசிப்பாளர் மாதிரி கோட்டு போட்டு உட்கார்ந்து வாரச் செய்திகளை ஜுமான் பிரெஞ்சிலும் கெய்ட்டி வொலோஃபிலும் ராப்பாகச் சொல்வார்கள். இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிரெஞ்சில் வரி வழுக்கிக்கொண்டு போகும். வொலோஃபில் இரட்டித்து வரும் மெய்யொலிகள் பீட்டில் ஆணி மாதிரி இறங்கும். ஒரு மொழி தாளத்தை என்ன செய்கிறது என்பது ஐந்தே நிமிடத்தில் காதுக்குப் புரியும்.

அப்புறம் எச்.எச்.பி., சார்கோடி, கலமஷாகா என்று போகலாம். வரிகளுக்கு மொழிபெயர்ப்பு கிடைத்தால் இரண்டாம் முறை கேட்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறை வேண்டாம். பக்கத்தில் ஒரு வரைபடமும் இருக்கட்டும். ஒவ்வொரு ராப்பரும் பாட்டில் எங்காவது தன் பேட்டையின் பெயரைச் சொல்வார். டண்டோரா, குகுலேத்து, தேமா, மாஃபிகெங். பெயர் காதில் விழுந்ததும் பாட்டை நிறுத்தி, அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.